மார்டி க்ராவைப் படமெடுக்க வருகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், ஹூஸ்டன், டல்லாஸ், அட்லாண்டா என்று எல்லாப் பக்கமிருந்தும் அழைப்புகள் வரும். எல்லோரிடமும் புதுக் கேமரா, எல்லோருக்கும் நியூ ஆர்லியன்ஸின் மார்டி க்ரா ஊர்வல விழாவைப் படமெடுக்க ஆசை. இந்த ஊரில் குடியிருந்து வருடா வருடம் கார்னிவலைப் படமெடுக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கூடுதல் பேட்டரி, மழை உறை, பர்ஸ் பத்திரம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகள் வேறு. அவற்றில் ஒன்று இன்னொருவரின் ஒரு வருட உழைப்பையே கெடுத்துவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வருவது

மார்டி க்ரா என்பது கார்னிவல் கொண்டாட்டத்தின் கடைசி நாளான செவ்வாய். கார்னிவல் தொடங்குவது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில். அன்றே பேக்கரிகளில் கிங் கேக் வந்துவிடும். தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நள்ளிரவோடு எல்லாம் முடிந்துவிடும். மார்டி க்ரா ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு வருவதால் பிப்ரவரி 3க்கும் மார்ச் 9க்கும் நடுவில் எந்தத் தேதியிலும் அமையலாம். போன வருடத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். க்ரூ என்றால் ஊர்வலம் நடத்தும் சங்கம். முந்தைய வியாழன் இரவே மியூசஸ் க்ரூ பெண்கள் ஊர்தியிலிருந்து மினுமினுப்பு ஒட்டிய ஹீல்ஸ் செருப்புகளைக் கொடுத்தபடி வருவார்கள். சனிக்கிழமை எண்டிமியன் க்ரூ, ஞாயிறு பேக்கஸ் க்ரூ. இரவு ஊர்வலங்களில் தீப்பந்தம் ஏந்தி ஆடிவரும் ஃப்ளாம்போகாரர்களைச் செவ்வாய்ப் பகலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

போர்பன் தெருவில் ஊர்வலத்துக்குக் காத்திருப்பது

போர்பன் தெரு இருக்கும் பிரெஞ்சு குவார்ட்டர் பகுதிக்குள் பெரிய ஊர்திகள் 1973 முதல் வருவதில்லை. செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவுக்குப் போங்கள்.

ஊர்தியிலிருந்து வீசிய நினைவுக் காசைக் கையால் எடுப்பது

முதலில் காலால் மிதியுங்கள். கையை நீட்டினால் வேறு யாராவது மிதித்துவிடுவார்கள், கை விரல் உங்களுக்குத் தேவை.

"நியூ ஆர்லியன்ஸில் பிறந்த விழா" என்று படத்துக்குக் கீழே எழுதுவது

அலபாமாவின் மொபைல் நகரத்துக்காரர்கள் படித்தால் சும்மா விட மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 1699 மார்ச்சில் பிரெஞ்சுக்காரரான இபர்வில் மிசிசிப்பி ஆற்றோரம் கூடாரம் அடித்த இடத்துக்கு மார்டி க்ரா முனை என்று பெயர் வைத்தார். 1703இல் மொபைலில் விழா நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் உருவானதே 1718இல்தான். சங்கம் சேர்ந்து வேடமிட்டு ஊர்வலம் போகும் வழக்கத்தையும் மொபைல்தான் முதலில் தொடங்கியது. அங்கே 1830இல் தோன்றிய கவ்பெல்லியன் சங்கம் புத்தாண்டு இரவில் வீதிக்கு வந்தது. மொபைலிலிருந்து வந்த சிலரும் சேர்ந்து தொடங்கிய கோமஸ் க்ரூ 1857இல் நியூ ஆர்லியன்ஸில் ஊர்வலம் நடத்தியது. 1872இல் ரெக்ஸ் க்ரூ வந்தது. ஊதா, பச்சை, பொன் என்ற மூன்று நிறங்களும் அதோடு வந்தவைதான்.

அந்தப் பழைய க்ரூக்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை. கறுப்பர்கள் தங்களுக்கென்று நடத்திய ஜூலு ஊர்வலம் 1909இல் தொடங்கியது. அந்த ஊர்வலத்தில் கொடுக்கும் வர்ணம் பூசிய தேங்காய் கைக்குக் கிடைத்தால் இன்றும் பெரும் பேறு. 1949இல் ஜூலு ராஜாவாக வந்தவர் ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். க்ரூக்கள் உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1992இல் நகர மன்றம் சட்டம் போட்டபோது கோமஸும் மோமஸ் என்ற இன்னொரு பழைய க்ரூவும் வீதிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டன. இந்த வரலாறு தெரியாமல்தான் அடுத்த தவறைச் செய்கிறார்கள்.

மார்டி க்ரா இந்தியர்களின் சூட்டை வேடிக்கைப் பொருளாக நினைப்பது

மார்டி க்ரா இந்தியர்கள் என்றால் நம் நாட்டுக்காரர்கள் இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாணியில் உடை அணிந்து வரும் கறுப்பர் கூட்டங்கள். அந்த உடைதான் சூட். இறகும் மணியுமாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய ஊர்வலங்கள் கறுப்பர்களை ஒதுக்கிய காலத்தில், கறுப்பர் குடியிருப்புகள் தங்கள் தெருக்களிலேயே நடத்திக்கொண்ட கார்னிவல் அது. 1880களில் பெகேட் பாட்டிஸ்ட் என்பவர் தொடங்கிவைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தப்பி ஓடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த பூர்வகுடி மக்களுக்குச் செலுத்தும் மரியாதை என்று சொல்லி அணிகிறார்கள். வேலை முடிந்து வந்து, இரவெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைப்பார்கள். ஒரு வருடம் ஆகும், ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். எல்லாம் சொந்தக் காசு. சில சூட்டுகள் 45 கிலோவைத் தாண்டும். அடுத்த வருடம் புதிதாகத் தைக்க வேண்டும். பழையதையே மறுபடி அணிந்து வருவதில்லை.

ஒரு முறை, வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கூட்டத் தலைவரான பிக் சீஃபுக்கு நேர் எதிரே நின்று பின்னோக்கி நடந்தபடி படமெடுத்துக்கொண்டிருந்தார். சீஃபுக்கு முன்னால் வரும் வைல்ட் மேன் வழி விடச் சொல்லிக் கத்தியதும் அந்த இளைஞருக்கு நடிப்பாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே திரும்பியவரின் தோள்பை வார் சூட்டின் முன்பக்கத்தில் மாட்டி இழுத்தது. மணிகள் தெருவில் சிதறின. சீஃப் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வந்த அவர் மனைவி குனிந்து பொறுக்கத் தொடங்கினார். அந்த இளைஞர் அதையும் படமெடுத்தார். பிறகு அதே படங்களை அச்சுப் போட்டு விற்றார் என்று கேள்விப்பட்டேன். சீஃபுக்குப் போனது ஒன்றுமில்லை. சில சீஃப்கள் தங்கள் சூட்டுகளுக்குப் பதிப்புரிமை பதிவுசெய்யத் தொடங்கியது இப்படிப்பட்டவர்களால்தான்.

ஆகவே வரிசையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். எல்லோருக்கும் முன்னால், சில தெருக்கள் தள்ளி வருபவர் ஸ்பை பாய். வேறு கூட்டம் எதிரே வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் தரும் சைகையைப் பின்னால் கடத்துபவர் ஃபிளாக் பாய். சீஃபுக்கு வழி எடுப்பவர் வைல்ட் மேன். இவர்களுக்கு நடுவே புகுந்தால் சைகை அறுந்துபோகும். ஒரு காலத்தில் இரண்டு கூட்டங்கள் சந்தித்தால் கத்தி எடுத்ததும் உண்டு. அந்தப் பகையை ஊசி நூலின் போட்டியாக மாற்றியதில் பெரும் பங்கு டூட்டி மொன்டானா என்ற பிக் சீஃபுக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் சூட் தைத்து அணிந்தவர். 2005இல், இந்தியர்களிடம் போலீஸ் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நகர மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார்.

ஓரமாக நில்லுங்கள். இறகைத் தொடாதீர்கள். அருகில் போவதற்கு முன் கேளுங்கள். பிறகு ஒரு அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அனுமதியில்லாமல் விற்காதீர்கள்.

முகமூடியைக் கழற்றச் சொல்வது

கேட்கவே கேட்காதீர்கள். ஊர்தியில் வருகிறவர் முகமூடி அணிவது நகரச் சட்டம்.

புதன்கிழமையோடு ஊர் திரும்புவது

முடிந்தால் மார்ச்சில் மறுபடி வாருங்கள். 19ஆம் தேதி, புனித சூசையப்பர் திருநாள் இரவில், இந்தியர்கள் மீண்டும் சூட் அணிந்து தெருவுக்கு வருவார்கள். அதையொட்டி வரும் சூப்பர் சண்டே அன்று சென்ட்ரல் சிட்டி பக்கம் பகலிலேயே பார்க்கலாம். வெளிச்சமும் நன்றாக இருக்கும், பேச்சுக் கொடுக்க நேரமும் இருக்கும். எந்த மணிச்சித்திரத்தில் எந்தக் கதையைத் தைத்திருக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டுத் தெரிந்துகொண்டு படமெடுங்கள்.