வெளி ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்புங்கள்

கேமராவின் மேல் தனியாகப் பொருத்தும் வெளி ஃபிளாஷ் வாங்கியதும் பலர் அதை நேராக முகத்தைப் பார்த்தே அடிக்கிறார்கள். முகம் வெளுத்துப்போய், பின்சுவரில் அழுத்தமான நிழல் விழும். ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி, ஒளி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். கூரையே பெரிய விளக்காகி, வெளிச்சம் மென்மையாகப் பரவும். நேர் செங்குத்தாக மட்டும் வேண்டாம், கண்ணுக்கடியில் நிழல் தங்கும். சற்றுப் பின்பக்கமோ பக்கவாட்டுச் சுவரை நோக்கியோ சாய்த்தால் இன்னும் அழகு. வண்ணச் சுவர் என்றால் அந்த நிறம் தோலிலும் ஏறும், கவனம்.

இப்படித் திருப்பும்போது ஒளி நிறையவே குறையும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 400 அல்லது 800க்கு ஏற்றி, அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/4 அளவில் திறந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஷட்டர், அதாவது ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திரை. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/200 அல்லது 1/250 நொடிதான். ஹைஸ்பீட் சிங்க் (இன்னும் வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் ஒத்துப்போகச் செய்யும் வசதி) இல்லாமல் அதைத் தாண்டினால் படத்தில் ஒரு பட்டை கறுத்துவிடும். வேகத்தைக் குறைத்தால் ஃபிளாஷின் பங்கு மாறாது, அறை வெளிச்சம் மட்டும் கூடும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பின்னணி இருட்டாக வருகிறதா? 1/60க்கு இறக்கிப் பாருங்கள்.