பச்சை நீள்கொம்பு அந்துப்பூச்சி: கிளையில் பார்ப்பதும் சருகில் தேடுவதும்

ஐரோப்பாவின் ஓக் காடுகளில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை பகலில் பறக்கும் சிறு பூச்சி இது; அறிவியல் பெயர் அடெலா ரியாமுரெல்லா. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இதை விவரித்தார். பகல் பூச்சி என்பதால் இரவில் விளக்குப் பொறி வைப்பது வீண். வெயில் ஏறிய பிறகு காட்டோரத்துக்குப் போங்கள்.

காற்று அடங்கிய வேளையில், வெயில் படும் கிளை நுனிகளை அண்ணாந்து பாருங்கள். ஆண்கள் கூட்டமாக மேலும் கீழுமாகப் பறக்கும். வெள்ளை இழைபோல் மின்னும் உணர்கொம்புகள்தாம் முதலில் கண்ணில் படும். பறக்கையில் இனம் சொல்ல முயலாதீர்கள். தாழ்ந்த இலையில் ஒன்று அமரும்வரை பொறுத்து, சிறு கண்ணாடிக் குப்பியால் மூடி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வலை வீசிப் பிடித்தால் செதில் உதிரும், கொம்பும் ஒடியும்; பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாது.

இறகு விரித்தால் 14 முதல் 18 மி.மீ. முன்னிறகு உலோகப் பச்சை. குறுக்குப் பட்டை கிடையாது. ஆணின் கொம்பு முன்னிறகைவிடப் பல மடங்கு நீளம், தலைமயிர் கறுப்பு. பெண்ணுக்குக் கொம்பு குட்டை, தலைமயிர் துருநிறம். இந்த வேறுபாடு தெரியாதவர்கள் பெண்ணை வேறு இனமாகக் குறித்துவிடுகிறார்கள். நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து: செதில்களில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் அந்தப் பச்சை. சாய்த்துப் பார்த்தால் செம்பாகத் தெரியும், நிழலில் கறுப்பாகும்.

முன்னிறகின் குறுக்கே மஞ்சள் பட்டை இருந்தால் அது நெமோஃபோரா டிகீரெல்லா என்னும் உறவு இனமாக இருக்கலாம். வில்லோ மரப் பூங்கொத்துகளைச் சுற்றிப் பறந்து, இறகு நுனி செம்பும் ஊதாவுமாக மின்னினால் அடெலா குப்ரெல்லா என்னும் இன்னொரு உறவு இனத்தைச் சந்தேகியுங்கள்.

வளர்ந்த பூச்சியின் பறப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி தரையில்தான். புழு இலைத் துணுக்குகளால் உறை கட்டி, அதைச் சுமந்தபடியே சருகு தின்னும். அந்த உறைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும்.

இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தடிச் சருகை இரண்டு கைப்பிடி அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பி, அசையாமல் காத்திருங்கள். தட்டையான துணுக்கு ஒன்று தானே நகர்ந்தால் உறைப்புழு கிடைத்தது. ஆனால் உறையை மட்டும் பார்த்து இனம் சொல்லக் கூடாது. உறவு இனங்களும் இப்படியே கட்டுகின்றன. வளர்த்துப் பார்ப்பதே உறுதி.

காற்றோட்டமுள்ள பெட்டியில் அதே மரத்தடிச் சருகைப் போடுங்கள். லேசான ஈரம் போதும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் புழு வற்றிச் சாகும். பெட்டியை வெளியே நிழலில் வையுங்கள். வீட்டுச் சூட்டில் வைத்தால் பருவம் தப்பி, இணை கிடைக்காத காலத்தில் பூச்சி வெளிவரக்கூடும். வெளிவந்ததும் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து, சருகு எடுத்த மரத்தடியிலேயே விடுங்கள்.