பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஏஐ-யிடம் கொடுத்துத் தலைப்பு வாரியாகப் பிரிப்பது எப்படி

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடை, கடலூர் முதுநகரில் ஒரு படகு இன்ஜின் உதிரிபாகக் கடை என்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இது வாடகை, இது வண்டிக் கூலி என்று வரி வரியாகப் பிரிக்கும் வேலையை இப்போது ஏஐ-யிடம் விட்டுவிடுகிறேன். சாட்ஜிபிடியோ ஜெமினியோ, முறை ஒன்றுதான்.

ஸ்டேட்மென்ட்டை எக்செலாக இறக்குங்கள். தேதி, விவரம், பற்று, வரவு இருந்தால் போதும். கணக்கு எண்ணை நீக்குங்கள். யுபிஐ வரிகளில் வாடிக்கையாளரின் செல் நம்பரும் ஒட்டிக்கொண்டு வரும். அதையும் கட்டாயம் அழியுங்கள். நம்மை நம்பிப் பணம் அனுப்பியவர்களின் நம்பர் அது, வெளியே போகக் கூடாது.

அடுத்து, கணக்கு எழுதும் மென்பொருளான டாலியில் இருக்கும் லெட்ஜர் பெயர்களை, அதாவது கணக்குத் தலைப்புகளை, அப்படியே பட்டியலாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஏஐ தானாகப் புதுத் தலைப்புகளை உண்டாக்கும்; ஒரே டீசல் செலவு மூன்று பெயரில் நிற்கும். பட்டியலோடு கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்ததையும் எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"இந்தத் தலைப்புகளைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மாதம் 5-ம் தேதி போகும் ரூ.12,000 கடை வாடகை. முதலாளி வீட்டு மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சொந்த எடுப்பு. ஏடிஎம்மில் எடுத்தது செலவு அல்ல, கான்ட்ரா. நிச்சயமாகத் தெரியாத வரியை சஸ்பென்ஸில் போட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுது."

கான்ட்ரா என்றால் பேங்க்கிலிருந்து கையிருப்புக்கு மாறிய பணம். சஸ்பென்ஸ் என்றால் விவரம் தெரியும் வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தலைப்பு. குறிப்பின் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ஏஐ எதையாவது ஊகித்து, சரியானது போலவே எழுதிவிடும்.

சரி, பிரித்து வந்த பிறகு எதைப் பார்ப்பது? சப்ளையருக்குப் போன பணத்தை முதலில் பாருங்கள். ஏஐ அதைக் 'கொள்முதல்' என்று போட்டிருக்கும். பில்லை ஏற்கெனவே டாலியில் ஏற்றியிருந்தால் அதே சரக்கு இரண்டு தடவை செலவாகி, லாபம் குறைந்து தெரியும். அந்தப் பணம் சப்ளையர் லெட்ஜரில்தான் போக வேண்டும். கடன் தவணையும் அப்படித்தான். வட்டி மட்டுமே செலவு, அசல் கடன் கணக்கில் குறையும். அந்தப் பிரிவு ஸ்டேட்மென்ட்டில் இருக்காது, தவணை அட்டவணையைப் பார்த்துத்தான் போட முடியும்.

நம் பக்கத்துக் கடைகளுக்கு இன்னொன்றும் உண்டு. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, ஜிஎஸ்டிக்கு அது வெளி மாநிலம். புதுச்சேரி சப்ளையரின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும், நம்முடையது 33. அங்கிருந்து கடலூர் கடைக்கு வந்து இறங்கும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி. நம் மாநிலத்துக்குள்ளேயே பண்ருட்டியிலிருந்து வந்தால் மத்திய, மாநிலப் பங்குகளான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். பேங்க் வரியில் வெறும் பெயரும் தொகையும்தான் இருக்கும், ஏஐ-க்கு இது தெரிய வழியே இல்லை. அதனால் வரி விவரத்தை எப்போதும் பில்லைப் பார்த்தே ஏற்றுங்கள். சப்ளையர் பெயருக்கு நேரே 33, 34 என்று குறித்த ஒரு சின்னப் பட்டியல் கையில் இருந்தால் சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடுவதும் சுலபம்.

கூட்டலை ஏஐ-யிடம் கேட்காதீர்கள், எக்செலிலேயே போடுங்கள். கொடுத்த வரிகள் அத்தனையும் திரும்பி வந்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நீளமான ஸ்டேட்மென்ட்டில் நடுவில் ஒன்றிரண்டு விடுபடலாம். இறுதி இருப்பு பேங்க் இருப்போடு ஒத்துப்போனால் டாலியில் ஏற்றலாம். சஸ்பென்ஸில் நின்ற வரிகளைக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்னதை அடுத்த மாதக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.