ஜெனரலை ஜப்பான்காரன் பிடிக்கவில்லை: உளவாளியான அதிகாரிக்கு வரலாற்று இடுபணி செய்வது எப்படி

செந்தூலில் இருக்கும் அண்ணன் மகள் வரலாற்று இடுபணிக்கு ஜெனரல் துன் இப்ராகிம் இஸ்மாயிலை எடுத்துக்கொண்டாள். முதல் வரியே, "ஜெனரலை ஜப்பானியர் பிடித்தனர்." எனக்கும் ஒரு காலத்தில் இதே தப்பு வந்தது. அவர் பிடிபட்டது 1944-இல், மலேசிய ஆயுதப்படைத் தலைவர் ஆனது 1970-இல். பிடிபடும்போது சின்ன வயசு அதிகாரி.

அதனால் கதையை ஓரம் வைத்துவிட்டு, ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள்: தேதி, அன்றைய பதவி, யார் சொன்னது. டேராடூன் ராணுவப் பயிற்சி, ஜப்பானிடம் மலாயா விழுந்ததால் ஊர் திரும்ப முடியாமை, பிரிட்டிஷாரின் ரகசியப் படையான 136 (Force 136), 1944 அக்டோபர் கடைசியில் திரங்கானு கடற்கரையோரம் இறங்கிய 'ஓட்மீல்' நடவடிக்கை என்று வரிசையாக எழுதுங்கள்.

அப்புறம் பெயர். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ரகசியப் படையினரின் தனிக் கோப்புகள் எச்எஸ் 9 (HS 9) என்ற வரிசையில் இருக்கும். மலாய்ப் பெயரை வெள்ளைக்கார கிளார்க் எப்படிப் பதிந்தார் என்று சொல்ல முடியாது. இப்ராகிம் என்றும் தேடுங்கள், இஸ்மாயில் என்றும் தேடுங்கள். நம் தமிழ்ப் பெயர்களுக்கும் இதே பாடுதான். அப்பா பெயர் குடும்பப் பெயராகி உட்கார்ந்திருக்கும்.

கஷ்டமான இடம் மூன்றாவது பத்தி. பிடிபட்ட பிறகு, உங்களுக்கு வேலை செய்கிறேன் என்று அவர் ஜப்பானியரை நம்ப வைத்தார். அவர்கள் சொன்னபடி வயர்லெஸ் செய்தி போனது. ஆனால் முன்பே பேசி வைத்த ஒரு சரிபார்ப்புக் குறியால், ஆள் மாட்டிக்கொண்டார் என்று பிரிட்டிஷ் தலைமையகத்துக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து வந்த பதிலும் பொய். அதனால் அந்த மாதங்களில் கிடைக்கும் எந்தத் தந்தியையும் அப்படியே எழுதாதீர்கள். பக்கத்தில் சிவப்புப் பென்சிலால், யார் யாருக்குச் சொன்ன பொய் என்று குறியுங்கள்.

ஜப்பானியரிடம் சொன்ன பெரிய பொய், தாய்லாந்தின் தெற்கே உள்ள கிரா பூசந்தியில் பிரிட்டிஷ் படை இறங்கும் என்பது. உண்மையில் இறங்கியது, ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9-இல், நாம் ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொட்டலத்தோடு போகும் மோரிப் கடற்கரையில். சரி, அங்கேயே கூட்டிப்போய்க் காட்டினேன். மணலில் உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள், கறுப்புப் பென்சிலில்.