கோடையில் வரும் சொந்தங்களுக்கு ஒரு மலை நாளும் ஒரு மீன் விருந்தும்

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு மூன்று தவணையாக ஆட்கள் வருவார்கள். முதலில் மாமனாரும் மாமியாரும், அப்புறம் என் அக்கா குடும்பம், கடைசியாக என் கொழுந்தனாரும் பிள்ளைகளும். எல்லோருக்கும் ஆசை இரண்டுதான். ஒரு நாள் மலைக்குப் போகவேண்டும், ஒரு நாள் கொல்லையில் கரி மூட்டி மீனும் இறாலும் சுட்டுச் சாப்பிடவேண்டும்.

முதல் வருஷம் இரண்டையும் ஒரே நாளில் வைத்தோம். மலையிலிருந்து இருட்டிய பிறகு வந்து, அவசரமாகக் கரி மூட்டி, அது கனியும் முன்பே மீனைப் போட்டோம். மீன் கம்பியில் ஒட்டிப் பிய்ந்தது. பிள்ளைகள் சாப்பிடாமலே தூங்கிவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மாமியார், "உங்க ரெண்டு பேரையும் ஒரு நேரம்கூட உட்கார்ந்து பார்க்கலையே" என்றார். அவர்கள் வந்தது எங்களோடு இருக்க. நாங்களோ மூன்று நாளும் ஓடிக்கொண்டே இருந்தோம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினோம். கீழே சொல்வது அந்த மாற்றங்கள்தான்.

வந்த அன்று எதையும் வைக்காதீர்கள். அது பேசித் தீர்க்கவேண்டிய நாள். மறுநாள் மலை. அதற்கு அடுத்த நாள் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் கரி அடுப்பு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மலைக்கு விடியும்போதே கிளம்பவேண்டும். மீனையும் சுடுகிற நாள் காலையிலேயே வாங்கவேண்டும். ஒரே காலையில் இரண்டும் நடக்காது.

மலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட ஒரு பழைய வழி இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல உடல்வாகு உள்ளவர்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தால் நாங்கள் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வோம். 6 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால், அவர் கணக்கில் ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. எங்கள் கணக்கில் இரண்டரை மணி. யார் மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் முன்னால் போகவேண்டும். பின்னால் விட்டால் அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மூச்சு வாங்கிக்கொண்டே வருவார்.

கோடையில் பல மலைகளில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சேரும். அதனால் எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவோம், உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தாலும் சரி. 1000 மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்க்கிறதே என்று மேல்சட்டையை வண்டியில் விட்டுவிடாதீர்கள். 2500 மீட்டருக்கு மேல் போய் யாருக்காவது தலைவலி, குமட்டல் வந்தால், மேற்கொண்டு ஏறவேண்டாம். குறையவில்லை என்றால் உடனே கீழே இறங்குங்கள்.

மாமியாருக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. அவரை வீட்டில் விட்டுப்போவதற்கு எனக்கு மனசு வரவில்லை. வண்டி போகும் இடத்திலேயே காட்சி நன்றாகத் தெரியும் ஒரு பாறையைப் பார்த்துவைத்து, நானும் அவரும் அங்கே உட்கார்ந்துவிடுவோம். மற்றவர்களை என் கணவர் கூட்டிப்போவார். மாமியார் தன் கல்யாணக் கதையைச் சொன்னது அந்தப் பாறையில்தான். உங்கள் வீட்டிலும் ஏற முடியாதவர் இருப்பார். அவருக்கு எந்த இடம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அப்புறம் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

இனி விருந்து. வருகிறவர்களில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதா என்று அவர்கள் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த ஒவ்வாமை நெருப்பில் சுட்டாலும் போகாது. அக்கா மகனுக்கு இறால் ஆகாது. அவனுக்குத் தனித் தட்டு, தனி இடுக்கி, தனிச் சட்டியில் அவன் மீன்.

வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் இருக்கவேண்டும். கடைக்கே ஐஸ் பெட்டியோடு போங்கள். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் உருவாகிவிடும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. வீட்டுக்கு வந்ததும் 4 டிகிரிக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

அடுப்பைக் கூரைக்கு அடியில் வைக்கவேண்டாம். கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. மழை வந்தாலும் அடுப்பை உள்ளே கொண்டுவரக்கூடாது. சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூட்டுங்கள். கரி மேல் சாம்பல் பூக்க அரை மணிக்கு மேல் ஆகும். பூத்ததும் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். எது கருகப் பார்க்கிறதோ அதைக் காலிப் பக்கம் நகர்த்தலாம். முதல் வருஷம் இந்தக் காலிப் பக்கமும் எங்களிடம் இல்லை.

மீன் ஒட்டாமல் இருக்க, கம்பி நன்றாகச் சூடாகவேண்டும், தேய்த்துச் சுத்தமாக இருக்கவேண்டும், மீன் மேல் ஈரம் இருக்கக்கூடாது. துணியால் ஒற்றி எண்ணெய் தடவிப் போடுங்கள். போட்ட பிறகு தொடாதீர்கள். வெந்த பக்கம் தானாகக் கம்பியை விடும். இழுத்தால் வரவில்லை என்றால் இன்னும் ஒரு நிமிஷம் பொறுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மொத்தம் பத்து நிமிஷம் போல ஆகும். வெப்பமானி இருந்தால் நடுச்சதையில் 63 டிகிரி பாருங்கள். இல்லாவிட்டால் முள்கரண்டியால் கிண்டும்போது சதை பளபளப்பு போய் இதழ் இதழாகப் பிரியவேண்டும்.

இறாலுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். லேசாக வளைந்திருந்தால் பதம். வளையமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான். மரக்குச்சியில் குத்துவதானால் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். எலுமிச்சைச் சாற்றில் மீனை அரை மணிக்கு மேல் வைத்தால் சதை வெளுத்துக் குழைந்துபோகும், அதனால் பூண்டும் மிளகாயும் உப்பும் முதலில், எலுமிச்சை கடைசியில். வாய் திறந்திருக்கும் மட்டிச் சிப்பியைச் சமைக்கும் முன் தட்டிப் பார்த்து, மூடாததை எறியுங்கள். வெந்தும் திறக்காததை நாங்கள் சாப்பிடுவதில்லை. நண்டை மதியமே வீட்டுக்குள் அவித்து, ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். அடுப்பில் நன்றாகச் சூடுகாட்டினால் போதும், பக்கத்தில் நின்று காக்கவேண்டியதில்லை. பச்சை மீன் வைத்த தட்டில் சுட்டதை வைக்காதீர்கள்.

இனிதான் எனக்கு முக்கியமான விஷயம். மட்டியும் இறாலும் முதலில். அதை எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றே சாப்பிடுவோம். அதுவரை என் கணவர் அடுப்பைப் பார்ப்பார், அப்புறம் இடுக்கி என் கைக்கு வரும். மீன் வெந்து தட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். பாத்திரம், எலும்பு, ஓடு எதையும் அப்போது எடுப்பதில்லை. மிச்ச மீனை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். காற்று 32 டிகிரிக்கு மேல் சுட்டால் ஒரு மணி நேரத்துக்குள். தணலை மூடிபோட்டு அப்படியே விடுவோம். காலையிலும் சாம்பலுக்குள் சூடு இருக்கலாம் என்பதால், மறுநாள் சாயங்காலம்தான் அதை அள்ளுவது.