தாய்லாந்தில் தனியாகத் தங்கும் பெண்ணுக்கு: ஹாஸ்டல் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கில் டார்ம் படுக்கை, அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை, பெரும்பாலும் 300 முதல் 700 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்குள் கிடைத்துவிடும். வடக்கே உள்ள சியாங் மாய் நகரில் இன்னும் கொஞ்சம் குறையும். தனியாகப் போகும் பெண்கள் பலர் எது மலிவு, எது சுத்தம் என்று மட்டும் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள். படுக்கை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று நாள் யாரிடமும் பேசாமல், ராத்திரிச் சாப்பாட்டை செவன் இலெவனில் வாங்கிவந்து தனியாகச் சாப்பிட்டுப் படுக்கும் நிலை வரும். ஒரு ஹாஸ்டலில் ஆள் பழக்கம் கிடைக்குமா என்பதை அதன் விலை சொல்லாது. சாயங்காலம் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் சொல்லும். அதைப் பார்க்காமல் பணம் கட்டுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

படத்தில் தெரியும் அழகை நம்புவது

கேப்சூல் படுக்கைகள் படத்தில் மிக அழகாக இருக்கும். பக்கச்சுவர், கனமான திரை, தனி விளக்கு, தனி பிளக் எல்லாம் உண்டு. தூங்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டு மணிக்கு எல்லாத் திரையும் மூடிவிட்டால், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பக்கத்துப் படுக்கைக்காரியின் முகத்தைப் பார்க்காமலே அறையைக் காலி செய்பவர்கள் உண்டு. கேப்சூல் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஹாஸ்டலில் உட்கார்ந்து பேச ஒரு பெரிய பொது அறை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

அதைப் படங்களிலேயே கண்டுபிடிக்கலாம். பத்துப் பேர் உட்காரும் நீள மேஜை இருக்கிறதா, அல்லது இரண்டு நாற்காலி போட்ட குட்டி மேஜைகளா? சோபாக்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கின்றனவா, டிவியைப் பார்த்திருக்கின்றனவா? தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த காபிக் கடை இருந்தால் அதைப் பொது அறையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியாட்கள் லேப்டாப்போடு உட்காரும் இடம் அது. ஐரோப்பிய ஹாஸ்டல்களில் ஆட்களைச் சேர்த்துவைப்பது பொதுச் சமையலறை. தாய்லாந்தில் தெருச் சாப்பாடு மலிவு என்பதால் பல ஹாஸ்டல்களில் அடுப்பே கிடையாது, மைக்ரோவேவும் கெட்டிலும்தான். எனவே இங்கே தேட வேண்டியது வேறு: சேர்ந்து சாப்பிடும் ‘ஃபேமிலி டின்னர்’, ஊழியர் கூட்டிப்போகும் யாவ்வராத் (பாங்காக்கின் சைனா டவுன்) தெருச் சாப்பாட்டு நடை, சமையல் வகுப்பு, மொட்டைமாடி. வாரத்தில் மூன்று நாலு நாளாவது இப்படி ஏதாவது நடக்கும் இடமாகப் பாருங்கள்.

அளவும் முக்கியம். 30 முதல் 80 படுக்கை உள்ள ஹாஸ்டல்தான் தனியாக வருபவருக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. அதற்குமேல் போனால் ஏற்கெனவே கும்பலாக வந்தவர்களே இடத்தை நிரப்புகிறார்கள். ரிசப்ஷனில் இருப்பவருக்கும் உங்கள் முகம் நினைவிருக்காது. முகம் தெரிந்த ஊழியர் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

பார்ட்டி ஹாஸ்டலைத்தான் எல்லாரும் ‘சோஷியல்’ என்கிறார்கள் என்று நினைப்பது

குடிப்பழக்கம் இல்லாத பெண்கள் இந்தப் பயத்திலேயே ஹாஸ்டலை ஒதுக்கிவிட்டு, எங்கோ ஒரு லாட்ஜில் தனி அறை எடுக்கிறார்கள். பார்ட்டி ஹாஸ்டலும் ஆள் பழக்கம் கிடைக்கும் ஹாஸ்டலும் வேறு வேறு. உள்ளேயே பார், இலவச ஷாட், தினமும் பீர் பாங் என்ற குடி விளையாட்டு, பார் பாராகப் போகும் பப் கிரால் என்று ஏழு இரவும் நிரம்பியிருந்தால் அது பார்ட்டி ஹாஸ்டல். பெரும்பாலான ஹாஸ்டல்கள் தங்கள் வார நிகழ்ச்சிகளை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இலவச மது விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோஸின் வாங் வியெங் நகரில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பெண்கள். இருவருக்கு வயது 19. மெத்தனாலுக்குத் தனி மணமோ சுவையோ தெரியாது. முதலில் சாதாரணப் போதை போலவே இருக்கும்; பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத் திணறல் வரும். குடிப்பவராக இருந்தாலும் இலவச ஷாட், வாளியில் கலந்து தரும் பானம், பெயர் தெரியாத நாட்டுச் சாராயம் மூன்றையும் தொடாதீர்கள். உங்கள் கண்முன் திறக்கும் பீர் கேன் போதும். அறைத்தோழி காலையில் பார்வை மங்குகிறது என்றால் ஹேங்ஓவர் என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

ஹாஸ்டல்வேர்ல்ட் என்ற முன்பதிவுத் தளத்தில் ஒரு இடத்துக்குப் பத்துக்கு 9.2 என்று இருக்கும். அது சுத்தம், இடம், ஊழியர், பாதுகாப்பு, சூழல் போன்ற பல மதிப்பெண்களின் சராசரி. சுத்தத்தில் 9.7, சூழலில் 7.5 என்றாலும் மொத்தம் நன்றாகவே தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியவை சூழலும் பாதுகாப்பும். எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த வயதுப் பிரிவு என்பதும் அங்கே தெரியும். உங்களைப் போன்றவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். புக்கிங் டாட் காமில் ‘தனிப் பயணி’ என்று வடிகட்டும் வசதி உண்டு. இல்லாவிட்டால் குடும்பங்களும் ஜோடிகளும் கொடுத்த மதிப்பெண்ணை நம்பிப் போய்விடுவீர்கள்.

கடைசி மூன்று மாதம் எழுதியவை மட்டுமே கணக்கு. மேலாளர் மாறினால் ஹாஸ்டலே மாறிவிடும். ஊழியரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே கூட்டிப்போனார் என்று நாலைந்து பேர் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. எல்லாரும் ‘சுத்தம், பிடிஎஸ் (பாங்காக்கின் மேம்பால ரயில்) பக்கம், ஏசி நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது தூங்கும் இடம். லிஃப்ட் இல்லை, காலையில் ரொட்டியும் முட்டையும்தான் என்பதையெல்லாம் கடந்து போகலாம். அறைப் பூட்டு வேலை செய்யவில்லை, பெண்கள் அறைக்குள் வேற்றாள் வந்தார், சொன்னபோது ஊழியர் கண்டுகொள்ளவில்லை என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் நிர்வாகம் என்ன பதில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பதிலே இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

பெண்கள் அறை பற்றிய தவறுகள்

முழுக்கப் பெண்களுக்கான ஹாஸ்டல் என்றால் பாதுகாப்பும் தோழமையும் சேர்ந்தே கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. அமைதி கிடைக்கும், கூட்டம் கிடைப்பது அரிது. ஆணும் பெண்ணும் தங்கும் கலகலப்பான ஹாஸ்டலில் பெண்கள் டார்மை எடுப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். நாலு படுக்கை அறையில் மற்ற மூவரும் ஒன்றாக வந்த தோழிகள் என்றால் நீங்கள் தனியாகிவிடுவீர்கள். பன்னிரண்டு படுக்கை என்றால் இரவெல்லாம் ஜிப் சத்தமும் கதவுச் சத்தமும்தான். ஆறோ எட்டோ சரியான அளவு.

முன்பதிவுப் பக்கத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் மலிவான கலப்பு டார்ம். அவசரத்தில் அதையே அழுத்திவிட்டு, வந்தபிறகு மாற்றக் கேட்பவர்கள் நிறைய. பெண்கள் அறை அதற்குள் நிரம்பியிருக்கும். கட்டும் முன் அறையின் பெயரை ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஹாஸ்டலுக்கு ஒரு செய்தி அனுப்பி மூன்று விஷயம் கேளுங்கள்: குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வராந்தாவில் ஆண்களோடு பொதுவா? சாவி அட்டை அந்த அறையை மட்டும் திறக்குமா, எல்லாத் தளத்தையும் திறக்குமா? இரவு முழுவதும் ரிசப்ஷனில் ஆள் உண்டா? கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு நாளுக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். முன்பதிவு அதிகமாகிவிட்டது, இன்றிரவு மட்டும் கலப்பு அறையில் படுங்கள் என்று வந்தபின் சொன்னால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. நீங்கள் எடுத்த அறையைத் தர வேண்டியதும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டியதும் அவர்கள் பொறுப்பு.

தேதிக் கணக்கில் வழுக்குவது

சென்னையிலிருந்து பாங்காக் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்பி விடியற்காலையில் இறங்குகின்றன. தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். ஹாஸ்டல் செக்-இன் பொதுவாக மதியம் இரண்டு மணி. 12ஆம் தேதி காலை ஐந்தரைக்கு இறங்கினால் 12ஆம் தேதிக்கே பதிவு செய்து, பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுக் கீழ்க் குளியலறையில் குளித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பலாம். பெரும்பாலான இடங்களில் இதற்குக் காசு இல்லை, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறுதான் பெரிய சிக்கல். 11ஆம் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்கு இறங்கினால் ஹாஸ்டலை அடையும்போது 12ஆம் தேதி ஒன்றரை மணி ஆகிவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது 11ஆம் தேதி இரவின் படுக்கை. 12 என்று பதிவு செய்தவர் நடுராத்திரி ரிசப்ஷனில் இடமில்லாமல் நிற்பார். சரியாக 11 போட்டிருந்தாலும், தாமதமாக வருவேன் என்று சொல்லாவிட்டால், நீங்கள் வரவில்லை என்று ஹாஸ்டலில் முடிவுகட்டிப் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். விமான எண்ணையும் வரும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

முதல் இரவின் முகவரி இன்னொன்றுக்கும் தேவை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தங்குமிட முகவரியும் கேட்பார்கள். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் குடிவரவுத் துறையுடையது அல்ல.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் என்ற தாய்ப் புத்தாண்டு, நவம்பரில் சியாங் மாய் விளக்குத் திருவிழா, கோ பங்கான் தீவில் பௌர்ணமி விருந்து. இந்த நாட்களில் விலை ஏறும், குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். மற்ற நாட்களில் முதல் ஊரில் இரண்டு இரவுக்கு மேல் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். பிடித்தால் ரிசப்ஷனிலேயே நீட்டிக்கலாம். ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால், பிடிக்காத இடத்திலும் பணத்துக்காகக் கிடப்பீர்கள்.

இடம், பூட்டு, மூட்டைப்பூச்சி

பாங்காக்கின் காவ் சான் தெருவில் ஹாஸ்டல் அதிகம். ஆனால் அதன் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. சாம் யோத், சனாம் சாய் மெட்ரோ நிலையங்களிலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும். முதல்முறை போகும் பெண்ணுக்கு பிடிஎஸ் அல்லது எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள், பிரதான சாலையை ஒட்டிய இடம் மேல். ‘சொய்’ என்ற கிளைத் தெருக்கள் நீளமாகப் போகும். கூகுள் வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து, இரவில் நடக்க வேண்டிய கடைசி 300 மீட்டரைப் பாருங்கள். சியாங் மாயில் இந்தக் கவலை குறைவு. அகழிக்குள் இருக்கும் பழைய நகரம் பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். தா பே வாசலுக்கு அருகே தங்கினால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நடந்தே போகலாம்.

லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. வீட்டிலிருந்து எடுத்துப்போகும் தடித்த பூட்டு பல லாக்கர் துளைகளில் நுழையாது. மெல்லிய வளையமுள்ள நம்பர் பூட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பதிவுக்காகக் காட்டலாம், நகல் எடுக்க விடலாம். அடகு போல வைத்துக்கொள்ளக் கேட்டால் அதைத் தராமல் சாவிக்கான முன்பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள்.

படுக்கையில் பையை வைப்பதற்கு முன் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையலோரத்தை போன் விளக்கில் பாருங்கள். மிளகுத் தூள் சிந்தியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. வேறு அறை கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக்கு மாறினால் போதாது.

வந்தபின் படுக்கையில் முடங்குவது

சரியான ஹாஸ்டலைப் பிடித்தும் தனிமையில் கிடப்பவர்கள் செய்யும் தவறு இது. சேர்ந்து சாப்பிடும் இரவுக்கு மாலை ஐந்து ஆறு மணிக்குள் பெயர் கொடுக்கச் சொல்வார்கள். ரிசப்ஷன் பலகையைப் பார்க்காமல் ஏழு மணிவரை போனோடு படுத்திருந்தால் எல்லாரும் கிளம்பிவிட்டிருப்பார்கள். முதல் நாள் சாயங்காலமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழு இருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடும் பெண்கள் இந்தச் சாப்பாட்டைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள். தவிர்க்க வேண்டியதில்லை. தாய்ச் சமையலில் காய்கறிக்கும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்பதால் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மட்டும் போதாது; ‘ஜே’ என்று சொல்லுங்கள். முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இல்லாத உணவு அது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் கிடைக்கும். பெயர் கொடுக்கும்போதே சொன்னால் தனியாக வைத்துவிடுவார்கள்.

கூட ஆள் கிடைத்தால் செலவும் குறையும். சியாங் மாயில் தோய் சுதேப் மலைக்குப் போகும் சிவப்பு சொங்தேவ் (பலர் பகிர்ந்து ஏறும் பிக்கப்) வண்டிகள் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். காலைச் சாப்பாட்டு மேஜையில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டால் காத்திருக்கவும் வேண்டாம், தனி வண்டிக்குக் கொடுக்கவும் வேண்டாம். பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு குருங் தேப் அபிவத் நிலையத்தில் மாலை கிளம்பும் 9ஆம் எண் இரவு ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் படுக்கைப் பெட்டி உண்டு. ஒரு இரவு வாடகையும் மிச்சம்.

புதிதாகப் பழகியவர்களிடம் எந்த ஹாஸ்டல், எந்த அறை என்று சொல்லத் தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் போடுவதை அந்த இடத்தைக் காலி செய்தபின் போடுங்கள். அறையில் ஒருவரால் சங்கடமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ரிசப்ஷனுக்குப் போய் அறை மாற்றக் கேளுங்கள். மறுத்தால் 1155ஐ அழையுங்கள். அது சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669.