சிங்கப்பூர்–நியூயார்க்: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36, கிழக்கு 103.99 பாகையில் இருக்கிறது. நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 177.77. பலர் இங்கே கழித்துவிடுகிறார்கள். விடை பாதிக்கும் கீழே போய்விடும்.

அடுத்து இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0155. அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதை 177.77-இன் கொசைனால் பெருக்கினால் –0.7580. இரண்டையும் கூட்டினால் –0.7426. இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.95 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் தூரம் சுமார் 15,340 கி.மீ. கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடல் மைல் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுக்க வேண்டும், சாதாரண மைலுக்கு 1.609. இரண்டையும் குழப்பினால் ஆயிரம் மைலுக்கு மேல் பிசகும்.

இந்த மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. விமானமோ பெரும்பாலும் வட பசிபிக் வழியாக, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான் காற்றோட்டத்தைப் பிடித்துப் போகும். 2018 அக்டோபரில் பக்கத்திலுள்ள நியூவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன தூரம் சுமார் 16,700 கி.மீ. ஆகவே நேரத்தைக் கணக்கிட 15,340-ஐ எடுக்காதீர்கள். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. 16,700-ஐ அதனால் வகுத்தால் பதினெட்டரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் 19. பின்காற்று இதில் கொஞ்சம் குறைக்கும். அட்டவணையில் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் போடுவது அதனால்தான். அந்த முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்திலேயே முடிந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போனால் இரண்டு கட்டங்களையும் தனித்தனியே கணக்கிட்டு (சுமார் 10,260, 6,200 கி.மீ.) காத்திருப்பு நேரத்தையும் சேருங்கள். மொத்தம் ஒரு நாளை நெருங்கும்.

அதிகம் தவறுவது கடிகாரத்தில்தான். நியூயார்க் குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம். சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை. புறப்படும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டி, இந்த வித்தியாசத்தைக் கழியுங்கள். உதாரணமாக, ஜனவரியில் திங்கள் இரவு 11:30-க்குக் கிளம்பினால் செவ்வாய் அதிகாலை 5:10-க்கு இறங்கலாம். திரும்பும்போது வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். நியூயார்க்கில் திங்கள் இரவு 10:30-க்கு ஏறி 18 மணி 50 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் புதன் காலை 6:20. செவ்வாய் என்று எண்ணி விடுதி அறை எடுத்தால் ஒரு இரவு வாடகை வீண். அடுத்த விமான டிக்கெட்டைச் செவ்வாய்க்கு எடுத்தால் அதுவும் போச்சு.